லொறியின் கரண்டைப் பார்த்து லப்டொப்பை எடுங்கள்

கேள்வி: கிண்ணியாவில் இருக்கிறேன். சொந்த லேலண்ட் லொறி. சீனக்குடாவில் சீமெந்து ஏற்றிக்கொண்டு கொழும்பு, குருநாகல், சில வேளை மட்டக்களப்பு. மாதத்தில் இருபது நாள் றோட்டில்தான், படுப்பதும் லொறிக்குள்தான். லோட் கணக்கு, டீசல் கணக்கு, கம்பனிக்குப் பில் அடிப்பது, இரவில் பிள்ளைகளோடு வீடியோவில் கதைப்பது, படம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் ஒரு லப்டொப் வேண்டும். முதலில் வாங்கிய 15.6 இன்ச் மெஷினின் ஹார்ட் டிஸ்க் ஒன்றரை வருடத்தில் செத்துவிட்டது. வயரிங்காரர் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற்று எடுத்து இன்வேட்டர் பூட்டித் தந்தார். பிறகு சார்ஜரும் எரிந்தது, எட்டு மாதத்தில் லொறிப் பற்றரியும் போனது. கேமிங் லப்டொப் எடு என்கிறார் ஒரு கூட்டாளி, அடி தாங்கும் டஃப்புக் எடு என்கிறார் இன்னொருவர், டேப் போதும் என்கிறாள் மகள். கையில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் இருக்கிறது. எதை எடுக்கலாம்? பழையதை என்ன செய்வது?

பதில்:

சகோதரருக்கு,

உங்களுக்குப் போன மூன்று சாமானும் தனித்தனிக் காரணத்தால் போகவில்லை. வீட்டு மேசைக்கென்று செய்த மெஷினை, வீட்டுக் கரண்டைப் போல ஒன்றை லொறிக்குள் உண்டாக்கி ஓட்டப் பார்த்ததில் வந்த வினை. ஆகவே எந்தக் கம்பனி, எத்தனை ஜிபி என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, லொறியில் இருக்கிற 24 வோல்ற்றிலிருந்து நேராகச் சார்ஜ் ஆகக்கூடிய மெஷின் எது என்று முதலில் பாருங்கள். அதாவது யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லப்டொப். இந்த ஒரு நிபந்தனையிலேயே கடையில் இருக்கும் பாதி மெஷின் கழிந்துவிடும்.

லொறிப் பற்றரி ஏன் செத்தது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் புதுப் பற்றரியும் அதே வழியில்தான் போகும். இரண்டு 12 வோல்ற்றுப் பற்றரி தொடராகப் பூட்டி 24 ஆகிறது. டைனமோவுக்கு அவை இரண்டு என்று தெரியாது. ஒரே பற்றரி என்ற கணக்கில் 28 வோல்ற்று அளவில் ஏற்றும். இரவிரவாக ஒன்றிலிருந்து மட்டும் இன்வேட்டருக்கு இழுத்தால், காலையில் எஞ்சின் ஓடும்போது அந்த வெறும் பற்றரி 13 வோல்ற்றில் நிற்கும். மிச்சம் 15 வோல்ற்றும் மற்றதன் தலையில் விழும். அது கொதித்துத் தண்ணீர் வற்றும். இழுத்த பற்றரியோ ஒருநாளும் முழுதாக ஏறாமல், தட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும். ஆக, ஒன்று பசியில் சாகும், மற்றது அஜீரணத்தில் சாகும். இப்போது ஒரு பற்றரியை மட்டும் மாற்றியிருந்தால், எஞ்சின் ஓடும்போது மீற்றரை ஒவ்வொரு பற்றரியிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதே கதை மறுபடி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து, ஒரே கம்பனி, ஒரே அளவில் மாற்ற வேண்டும். நடுவிலிருந்து எடுத்த அந்த 12 வோல்ற்று வயரை இன்றே கழற்றிவிடுங்கள்.

சார்ஜர் எரிந்ததற்குப் பெரும்பாலும் இன்வேட்டர்தான் காரணமாக இருக்கும். மலிவு இன்வேட்டர்கள் தருவது மெயின் கரண்டைப் போன்ற வழுவழுப்பான அலை அல்ல, படிப்படியாக வெட்டிய அலை. நல்ல சார்ஜர் அதைத் தாங்கிக்கொள்ளும். டூப்ளிக்கேட் சார்ஜர் ரீங்காரம் போட்டுச் சூடேறி ஒருநாள் நின்றுவிடும். அது மட்டுமல்ல, 12 வோல்ற்றை 230 ஆக ஏற்றி, அதைத் திரும்ப 20 வோல்ற்றுக்கு இறக்குகிறோம். இரண்டு இடத்திலும் கரண்ட் வீணாகிறது. எதையும் செருகாமல் சும்மா கிடந்தாலும் இன்வேட்டர் சுமார் அரை அம்பியர் தின்றுகொண்டேயிருக்கும்.

இதற்குப் பதிலாக வேண்டியது ஒரு 24 வோல்ற்று பவர் டெலிவரி (பிடி) சார்ஜர், அதாவது லப்டொப் கேட்கும் வோல்ற்றை யூஎஸ்பி-சி வழியாக நேராகக் கொடுப்பது. கடையில் ‘பிடி கார் சார்ஜர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் கார்ச் சார்ஜர் எல்லாம் லொறிக்குச் சரிவராது. உள்ளே வாங்கும் வோல்ற்றளவை எழுத்தில் பாருங்கள். 12இல் தொடங்கி 30 அல்லது 32 வரை என்று போட்டிருக்க வேண்டும், 24 வரை என்று மட்டும் இருந்தால் போதாது. உங்கள் 24 வோல்ற்று லொறி ஓடும்போது 28ஐத் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம். அடுத்தது வெளியே விடும் பக்கம்: 20 வோல்ற்று, 3.25 அம்பியர் என்று அச்சடித்திருந்தால் 65 வாற்று. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 100 வாற்றை நம்பாதீர்கள். பல சார்ஜரில் அது எல்லாத் துளையையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. பக்கத்துத் துளையில் ஃபோனைச் செருகியதும் லப்டொப்புக்குப் போவது 30 வாற்றுக்குக்கூட விழலாம். ஃபோனுக்கு வேறு சார்ஜரைப் பாவியுங்கள்.

கேபிளும் விஷயம். சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 அம்பியருக்கு மேல் விடாது, அதாவது 60 வாற்று. அதற்கு மேல் போக, தான் 5 அம்பியர் தாங்குவேன் என்று சார்ஜருக்குச் சொல்லும் சிறிய சிப் ஒன்று கேபிளின் தலையில் இருக்க வேண்டும். 100 வாற்று என்று எழுதிய கேபிளில் அது இருக்கும். ஒன்றரை மீற்றர் நீளம் போதும். தலை வளைந்த மாதிரி கேபிள் கிடைத்தால் அதையே எடுங்கள். படுக்கையில் வைத்துப் பாவிக்கும்போது நேரான பிளக் மெத்தையில் முட்டி நெம்பும், அந்த நெம்பல் நேரே லப்டொப்பின் துளையைத்தான் கொல்லும்.

வயரிங்குக்குச் சிகரெட் லைட்டர் துளையை நம்ப வேண்டாம். வெருகல், வாகரைப் பக்கம் ஒரு தடவை போய்வந்தால் பிளக் அரைவாசி வெளியே வந்திருக்கும். பாதி தொட்டும் தொடாமலும் நிற்கிற இடத்தில் பொறி பறந்து பிளக்கின் பிளாஸ்ரிக் உருகும். டாஷ்போர்டில் துளை போட்டுப் பின்னால் நட்டு இறுக்கும் மாதிரி, ரப்பர் மூடி உள்ள பிடி சொக்கெட் வருகிறது. அதைப் பூட்டி, இரண்டு பற்றரிக்கும் சேர்ந்த 24 வோல்ற்று நேர்முனையிலிருந்து தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். 65 வாற்றுக்கு 24 வோல்ற்றில் 3 அம்பியர்தான் ஓடும், ஆகவே 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் தாராளம். 5 அம்பியர் பிளேட் ஃபியூஸ் போட வேண்டும். அந்த ஃபியூஸ் சொக்கெட் பக்கத்தில் அல்ல, பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வயர் சேசியில் உரசித் தோல் கிழிந்தால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் நீளம் எல்லாம் நெருப்புத் திரிதான். கப்பினுக்குள் வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடாமல் விடவும் கூடாது. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும் போது மட்டும் லப்டொப்பைக் கழற்றி வையுங்கள். அந்த நொடியில் வோல்ற்றளவு விழுந்து எகிறும்.

இப்படிச் செய்தால் இரவில் லொறிப் பற்றரி இறங்கிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. லப்டொப்பை வெறுமையிலிருந்து முழுதாக ஏற்ற 60 முதல் 70 வாற்று-மணி (ஒரு வாற்றை ஒரு மணித்தியாலம் இழுத்தால் ஒரு வாற்று-மணி) போகும். 24 வோல்ற்றில் அது 3 அம்பியர்-மணியைத் தாண்டாது. 100 அம்பியர்-மணிப் பற்றரிக்கு அது ஒரு சொட்டு. கப்பின் லைட்டை மறந்து அணைக்காமல் படுத்தால் போவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இனி மெஷின். உங்கள் பணத்துக்குப் புது லப்டொப்பும் கிடைக்கும், ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். அந்த விலைக்கு வரும் புதிதில் உடல் மெல்லிய பிளாஸ்ரிக். மூடியின் கீல் திருகுகள் பிளாஸ்ரிக்கில் பதித்த பித்தளை வளையத்தில் இறங்கியிருக்கும். குலுக்கத்தில் வளையம் பிடுங்கிக்கொண்டு, ஒருநாள் திறக்கும்போது ஸ்கிரீன் மூலை ‘டப்’ என்று கிளம்பும். சேமிப்பும் சிலவற்றில் போர்டோடு ஒட்டிய 64 அல்லது 128 ஜிபியாக இருக்கும், மாற்ற முடியாது. அதே காசுக்கு, பெரிய கம்பனிகளின் அலுவலகங்களில் ஓடிக் கழிந்து வரும் பிஸ்னஸ் லப்டொப் கிடைக்கும். அந்த வகைதான் லொறிக்குப் பொருந்தும். உள்ளே உலோகச் சட்டம், திருகைக் கழற்றினால் பாகம் கிடைக்கும், திருகோணமலையிலேயே திருத்தலாம்.

எத்தனை வருடப் பழசு வரை போகலாம்? இன்டெல் 8ஆம் தலைமுறைப் புரொசெசருக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற 8ஆம் தலைமுறை வேண்டும். ‘ஏழாம் தலைமுறையிலும் 11 போட்டுத் தருவோம்’ என்று கடையில் சொல்வார்கள். போடலாம்தான், ஆனால் குறுக்கு வழியில் போட்டது பெரிய அப்டேட் வரும்போது மக்கர் பண்ணும். றோட்டில் இருப்பவருக்கு அந்தத் தலையிடி எதற்கு.

இந்த வரியில் முதலில் நிற்பது லெனோவோ திங்க்பாட் டி480. 14 இன்ச், 2018இல் வந்தது. லொறிக்கென்றே செய்தார்களோ என்று நினைக்க வைக்கும் ஒரு விசேஷம் இதில் இருக்கிறது: இரண்டு பற்றரி. ஒன்று உள்ளே, 24 வாற்று-மணி. மற்றது பின்பக்கத்தில் இரண்டு கொளுக்கியைத் தள்ளினால் கழன்று கையோடு வரும். மெஷினை அணைக்கத் தேவையில்லை, உள்ளே இருப்பது தாங்கிப் பிடிக்கும், நீங்கள் வேறு ஒன்றைப் பூட்டலாம். வெளிப் பற்றரி 24, 48, 72 வாற்று-மணி என மூன்று அளவில் உண்டு. 72 பின்னால் திமில் போலத் தள்ளிக்கொண்டு நிற்கும், அதுவே கீபோர்ட்டைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுக்கும். கணக்கு வேலைக்கு இந்த மெஷின் 8, 9 வாற்று தின்னும், படம் பார்க்க 10, 12. 48ஐப் பூட்டி, இரண்டும் பழசாகி எண்பது வீதம்தான் மிஞ்சியிருக்கிறது என்று வைத்தாலும் 57 வாற்று-மணி, ஆறு மணித்தியாலம் வரும். யூஎஸ்பி-சியில் 65 வாற்று வாங்கும். கீபோர்ட்டில் தேத்தண்ணி சிந்தினால் அடிப்பக்கத்துக்கு வடியத் துளையும் உண்டு. இனிப்புத் தேத்தண்ணியைக் காப்பாற்றும் என்று சொல்லவில்லை, மெஷினை அணைத்துக் கவிழ்க்க உங்களுக்கு நேரம் தரும், அவ்வளவுதான்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். சாதாரண ஸ்கிரீன் 250 நிட்ஸ் வெளிச்சம்தான். பகலில் கப்பினுக்குள் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். 1366 புள்ளி அகலமுள்ள ஸ்கிரீன் வந்தால் தொடவே வேண்டாம், 1920 உள்ளதைக் கேளுங்கள். இரண்டாவது, இதன் யூஎஸ்பி-சி துளையை ஓட்டும் தண்டர்போல்ட் சிப்பின் பழைய ஃபர்ம்வெயாரில் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருளில்) ஒரு பிழை இருந்தது. அப்டேட் செய்யாமல் வருடக்கணக்காக ஓடிய மெஷினில் யூஎஸ்பி-சி துளை பிரச்சினை கொடுக்கும், சார்ஜ் ஏறாமலும் போகும். லெனோவோவே திருத்தம் வெளியிட்டிருக்கிறது. வாங்கிய அன்றே லெனோவோ வான்ரேஜ் செயலியைப் போட்டு அந்த அப்டேட்டை ஏற்றிவிடுங்கள்.

டி480 நல்ல நிலையில் கிடைக்காவிட்டால் டெல் லற்றிடியூட் 7490. மெல்லியது, பற்றரி 60 வாற்று-மணி வரை, ஆனால் உள்ளே பூட்டியது. ஹெச்பி எலீட்புக் 840 ஜி5உம் பரவாயில்லை. அதில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி ஸ்கிரீனை மங்கவைக்கும் ‘ஷுவர் வியூ’ உள்ள மொடல் உண்டு. படுக்கையில் சாய்ந்து கிடந்து படம் பார்க்கிறவருக்கு அது எரிச்சல். மூன்றிலும் ராம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது, 16 இருந்தால் பிறகு யோசிக்கத் தேவையில்லை. தனிக் கிராபிக்ஸ் வேண்டவே வேண்டாம்.

கேமிங் லப்டொப் சொன்ன கூட்டாளிக்கு ஒரு சிரிப்போடு பதில் சொல்லுங்கள். இரண்டரைக் கிலோ, 180 வாற்றுக்கு மேல் கேட்கும் உருளைப் பிளக் சார்ஜர், இரண்டு மூன்று மணித்தியாலப் பற்றரி, இரண்டு பெரிய விசிறி. சீமெந்து ஏற்றுகிற லொறிக்குள் விசிறி என்பது தூசு உறிஞ்சும் மெஷின். டஃப்புக் சொன்னவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்கள் காசுக்கு வருவது பழைய சிஎஃப்-31 மாதிரித்தான் இருக்கும். மூன்றே முக்கால் கிலோ, கடைசியாக வந்ததும் 5ஆம் தலைமுறை, சார்ஜரும் அதற்கென்றே தனி. பாலத்திலிருந்து விழுத்தினாலும் உடையாது, விண்டோஸ் 11தான் ஏறாது. மகள் சொல்லும் டேப் படத்துக்கும் வீடியோ அழைப்புக்கும் அருமை. முப்பது லோட் உள்ள எக்செல் தாளில் விரலால் கட்டம் பிடித்துப் பார்த்தபின் நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

இன்னொரு நாற்பது, ஐம்பதாயிரம் சேர்க்க முடிந்தால் பாவித்த மக்புக் எயார் எம்1 பற்றி யோசிக்கலாம். காரணம் பெயர் அல்ல, அதில் விசிறியே இல்லை என்பதுதான். தூசு போகத் துளை இல்லை, 30 வாற்றில் சார்ஜ் ஏறும், ஸ்கிரீன் 400 நிட்ஸ். மறுபக்கம், ராமும் சேமிப்பும் போர்டோடு ஒட்டியவை, பழுதானால் கொழும்புதான் கதி. பழைய சொந்தக்காரரின் அப்பிள் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் தட்டு. என் ஓட்டு இன்னும் டி480க்கே.

சேமிப்பு எஸ்எஸ்டிதான், இதில் மறுபேச்சு இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கு மேலே, தலைமயிரின் தடிப்பை விடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில், ஒரு தலை மிதந்துகொண்டிருக்கும். எஞ்சினை ஐடிலில் விட்டுப் பில் அடித்தாலும் அந்த நடுக்கம் அதற்கு ஆகாது. எஸ்எஸ்டியில் அசையும் பாகம் இல்லை. 256 ஜிபி கணக்குக்குத் தாராளம், படம் சேர்க்கிற ஆள் என்றால் 512. பாவித்த மெஷின்களில் எம்.2 என்னும் மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியின் நுனியைப் பிடிக்கும் ஒற்றைத் திருகு அடிக்கடி காணாமல் போயிருக்கும். முன்பு கழற்றியவர் திரும்பப் போட்டிருக்கமாட்டார். மேசையில் மாதக்கணக்கில் ஓடும் அந்த மெஷின், லொறியில் இரண்டாம் நாளே ‘டிஸ்க் இல்லை’ என்று சொல்லும். வாங்கும்போது அடிமூடியைத் திறந்து அந்தத் திருகைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

லோட் இறக்கக் கொழும்பு போகிறவர் என்பதால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்க உங்களுக்கு வசதி. லொறியை எங்காவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது வேறு கதை. வீட்டுக் கரண்டில் ஓடும், 20 வோல்ற்று விடும் பவர் டெலிவரி சார்ஜர் ஒன்றையும் அந்த 100 வாற்றுக் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் அவருடைய சார்ஜரில் காட்டுவதைப் பார்த்துத் திருப்திப்படாமல் உங்களுடையதைச் செருகுங்கள். சார்ஜ் அடையாளம் வந்ததும் பிளக்கை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். விட்டு விட்டு வந்தால் துளை தளர்ந்துவிட்டது, மெஷினை வைத்துவிட்டு வாருங்கள். பிறகு விண்டோஸின் பற்றரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எழுபது வீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். டச்பாட் மேலே எழும்பியோ, மூடி சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் உள்ளே பற்றரி வீங்கியிருக்கிறது, அதைப் பேரம் பேசவும் வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது இனிமேல் சொல்வதில்தான். இந்த மெஷின்கள் கம்பனிகளில் இருந்து வந்தவை. ஸ்டார்ட் ஆகும்போது, விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையான பயொஸுக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேட் கேட்டால் வேண்டாம். திங்க்பாட்டில் அதை நீக்குவது போர்டில் கைவைக்கிற வேலை. விண்டோஸைப் புதிதாகப் போட்டு, இணையத்தில் இணைத்து, முதல் ஸ்கிரீன் வரும் வரைக்கும் கடையிலேயே இருங்கள். யாரோ ஒரு கம்பனியின் பெயரைச் சொல்லி வரவேற்று அவர்களின் ஈமெயிலைக் கேட்டால், மெஷின் இன்னும் அந்தக் கம்பனியின் பட்டியலில் இருக்கிறது. விண்டோஸை எத்தனை தடவை போட்டாலும் அது திரும்ப வரும்.

லொறிக்குள் எங்கே வைப்பது? உங்கள் கப்பினில் எஞ்சின் மூடி இரண்டு சீற்றுக்கும் நடுவில் இருக்கும். தட்டையாக, கைக்கெட்டும் தூரத்தில், ‘இங்கே வை’ என்று கூப்பிடும். வைக்காதீர்கள். கந்தளாய் தாண்டுமுன் அது தோசைக்கல் ஆகிவிடும். டாஷ்போர்டும் கூடாது. மூடிய கப்பின் வெயிலில் 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம், அப்பிளின் சொந்தக் குறிப்பே தன் லப்டொப்பை 45 பாகைக்கு மேலான இடத்தில் வைக்க வேண்டாம் என்கிறது. முழுச் சார்ஜில் சூட்டில் கிடக்கும் லிதியம் பற்றரிதான் வீங்குவது. ஆகவே சார்ஜ் 80 வீதத்தில் நிற்கும்படி அமைத்துவிடுங்கள். லெனோவோ வான்ரேஜில் அந்த இடம் உண்டு, டெல்லில் பயொஸில் இருக்கிறது. பகலில் படுக்கையின் அடியில், நிழல் பக்கம், தடித்த ஸ்பொன்ஜ் உள்ள பையில் இருக்கட்டும். முழுதாக ஷட்டவுன் செய்து வையுங்கள். மூடியை மட்டும் மூடிப் பைக்குள் போட்ட மெஷின் சில நேரம் தானாக விழித்துப் பைக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். ஓடும்போது ஸ்டியரிங் தட்டு, மடி, பக்கத்து சீற் எதிலும் திறந்து வைக்க வேண்டாம். ஹபரணைக் காட்டில் யானைக்கு ஒரு பிரேக் அடித்தால் அந்த ஒன்றரைக் கிலோ நேரே கண்ணாடிக்குத்தான் போகும்.

தூசைப் பற்றி உங்கள் தொழிலுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுத் தூசு பஞ்சு, ஊதினால் போகும். சீமெந்துத் தூசு ஈரத்தை இழுக்கும், எங்கள் கடற்காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் அது இறுகினால், சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புக் கட்டி போல உட்கார்ந்துவிடும், ஊசியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எனவே ஈரத்துணியால் ஒருபோதும் முதலில் துடைக்காதீர்கள். உலர்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் தட்டி, கை ஊதுபந்தால் ஊதி, அதற்குப் பிறகுதான் துணி. டயர்க் கடைக் கம்பிரசரைப் பிடிக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் விசிறி தன் வேகத்துக்கு மேல் சுற்றிப் பெயாரிங் போகும், காற்றோடு டாங்கித் தண்ணீரும் வரும். லோட் ஏற்றும்போதும் இறக்கும்போதும் லப்டொப் பைக்குள், பை பொலித்தீனுக்குள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து விசிறியை ஒரு ஈர்க்குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். யூஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ துளைகளுக்குச் சிலிக்கோன் மூடி கிடைக்கும். சில்லறைக் காசு, உப்புக் காற்றில் பச்சை பூக்காமல் காக்கும்.

இணையத்துக்கு ஃபோன் ஹொட்ஸ்பொட் போதும். இரண்டு சிம் ஃபோனில் இரண்டு வேறு கம்பனி சிம் போட்டுவையுங்கள், ஒன்று காட்டுக்குள் படுத்தால் மற்றது எழும்பும். விண்டோஸில் அந்த வைஃபையை ‘மீற்றர்ட்’ என்று குறித்துவிட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் நீங்கள் பிள்ளையோடு கதைக்கும் நேரம் பார்த்து அப்டேட் இறங்கி, மாத டேட்டாவை ஒரே இரவில் குடித்துவிடும். அப்டேட்டும் படமும் கிண்ணியா வீட்டில் இறக்குவதற்கு. கணக்கை வலையில் திறக்கும் தாளில் எழுதாமல், மெஷினிலேயே இருக்கும் எக்செல் அல்லது லிப்ரே ஒஃபிஸில் எழுதுங்கள். லிப்ரே இலவசம். கிழமைக்கு ஒருமுறை ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுத்து, அதை லப்டொப் பையில் அல்லாமல் சட்டைப்பையில் வையுங்கள். பை களவு போனால் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது அல்லவா. சீரியல் நம்பரை ஃபோனில் படம் எடுத்து வைப்பதும் அதற்குத்தான்.

பில் தமிழில் அடிப்பதாக இருந்தால் பாமினி எழுத்துருவை விட்டுவிடுங்கள். உங்கள் மெஷினில் தமிழாகத் தெரிவது, அந்த எழுத்துரு இல்லாத கம்பனி மெஷினில் வெறும் ஆங்கிலக் குழப்பமாகத் தெரியும். விண்டோஸிலேயே ஒலிப்பு முறைத் தமிழ் கீபோர்ட் இருக்கிறது, ‘அம்மா’ என்பதை ஃபோனில் அடிப்பது போலவே அடிக்கலாம். பில்லைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிரிண்டர் தேவையே இல்லை.

பழைய லப்டொப்பை விற்க வேண்டாம், யாரும் நல்ல விலை தரமாட்டார்கள். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 2.5 இன்ச் அளவு, போட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு வீட்டில் வையுங்கள். சார்ஜர் மட்டும் ஒரிஜினலாக இருக்கட்டும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் பழைய லோட் கணக்கு இருந்தால், கரண்ட் கொடுத்ததும் என்ன சத்தம் வருகிறது என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். சத்தமில்லாமல் சுழன்றால், யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வேண்டியதை உடனே பிரதி எடுக்கலாம். ‘டக், டக்’ என்று தட்டினால் தலை போய்விட்டது. திரும்பத் திரும்ப முயற்சிக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் அந்தத் தலை தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும். ஒரு பொலித்தீனில் சுற்றி வைத்துவிட்டு, அந்தக் கணக்கு மீட்கும் செலவுக்குப் பெறுமதியானதா என்று முதலில் உங்கள் கம்பனிக் கணக்காளரிடம் கேளுங்கள். அவரிடம் பழைய பில்களின் பிரதி இருக்கவும் கூடும்.